அரியநாயகம் அரிமா கண்ட படலம்

வாழ்க அரியநாயகம்! பாரிஸ் நகரின் ஸ்டாலின்கிராட் பகுதி உணவகமொன்றின் ஆவிமண்டிய அடுக்களையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கோப்பை கழுவிய குலக்கொழுந்து, நுரைப்படை நடத்திய நாயகன், கென்யப் பெருவெளியில் ஆறு பகல் அலைந்து மீண்ட அஞ்சா நெஞ்சன்! அஞ்சா நெஞ்சன் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன குளிர்காலத்தில் உணவக நிலவறையில் ஓர் எலி குறுக்கே ஓட, மேசைமேல் பாய்ந்தேறி இவர் எழுப்பிய ஓலம் தெருமுனைவரை கேட்டது. அன்றுமுதல் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் இவர் பெயர் ‘எலியண்ணை’. அந்தப் பெயரை அழிக்கத்தான் மனிதர் இருந்த லீவையெல்லாம் சேர்த்துச் சஃபாரி போனார்.

கண்டார் ஐயா, கண்டார்! பொன்னிறப் பிடரி காற்றில் அலைய, காடே தன் வீட்டு முற்றம் என்பதுபோல் முள்மர நிழலில் கிடந்த ஆண்சிங்கத்தை, ஜீப்பிலிருந்து பத்தே மீற்றர் தூரத்தில், தம் இரு கண்ணாலும் கண்டார். கை நடுங்கவில்லை என்று பாட எனக்கும் ஆசைதான். ஆனால் எடுத்த நாற்பது படத்திலும் காய்ந்த புல்தான் விழுந்திருந்தது.

ஆகவே நாவையே வாளாக உருவிக்கொண்டு, சனிக்கிழமை சனத்திரள் பையோடு பை மோதிப் பொருதும் பொன்னம்பலத்தாரின் மரக்கறிக்கடைக்குள் புகுந்தார் நம் வீரர். காசு வாங்கும் மேசையில் அக்‌ஷரா இருந்தாள். பாரிசில் பிறந்த பிள்ளை, சிங்கத்தைப் பிரெஞ்சில் சொன்னால்தான் உறைக்கும் என்று எண்ணி, “பிள்ளை, நான் லியோன் பாத்தனான்!” என்று முழங்கினார். பிரெஞ்சில் சிங்கத்துக்கும் லியோன் நகருக்கும் ஒரே ஓசை என்பதை அந்தோ, மறந்தார்!

“அங்கைதான் என்ரை சித்தி இருக்கிறா. தெஜேவே ரயிலிலையோ போனீங்கள், அங்கிள்?” என்றாள் அவள்.

தளர்வாரா அரியநாயகம்? பிறமொழியால் பட்ட புண்ணுக்குத் தமிழே மருந்தெனத் துணிந்து, கத்தரிக்காய்க் குவியலுக்கு அப்பால் தராசோடு நின்ற கடைக்காரரை நோக்கி, கூரை அதிரக் கூவினார்: “பொன்னம்பலம் அண்ணை! நான் கென்யாவிலை சிங்கத்தைப் பாத்தனான்!”

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. ஆனால் குணசிங்கம், இராசசிங்கம் என்று வீட்டுக்கு வீடு பெயர்வைத்த குலமல்லவா நம்முடையது!

“பொபினியிலை இருக்கிற எங்கடை சிங்கண்ணையோ? அவர் எப்ப கென்யா போனவர்?” என்றார் பொன்னம்பலத்தார்.

“ஐயோ அண்ணை, உண்மைச் சிங்கம்! மரத்துக்குக் கீழை ஒரே படுக்கை! எழும்பவே இல்லை!”

“பாவம், முழங்கால் வருத்தக்காரன். அந்த வெயிலுக்கை ஏன் போனவர்?” என்று அவர் உருக, “நல்ல மனுசன்” என்று வரிசையில் நின்ற கமலராணி அக்கா உச்சுக்கொட்ட, அனுதாபம் அலையலையாய் எழுந்து கடையை மூடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை முகமும் நிசமான கவலையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“இப்ப சுகமோ அவர்?” என்றார் பொன்னம்பலத்தார்.

“ஓம், சுகமாய் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டு, அரியநாயகம் அரைக்கிலோ வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.