வீரர் இராசதுரையும் லண்டன்காரனின் எழுத்துப்பிழையும்

மனித குலத்துக்குத் தகப்பன்மார் ஆதிகாலம் தொட்டே இருந்து வருகிறார்கள். ஆனால் தகப்பனுக்குத் தகப்பனை விஞ்ஞான முறைப்படி தபால் மூலம் தருவித்துக்கொண்ட முதலாவது நகரம் திருகோணமலைதான் என்பதை உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நஷ்டம் உலகத்துக்கு.

எழுபத்துமூன்றாம் ஆண்டு. சீனி இல்லை, மா இல்லை, பாண் வாங்கப் பேக்கரி வாசலில் விடியமுன்னமே வரிசை. தாராளமாகக் கிடைத்த ஒரே பொருள் முன்னோர். வெள்ளைக்காரனின் பழைய படைச்சேவைப் பதிவுகளும் விதவைப் பென்சன் பதிவுகளும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன என்றும், பெயரையும் ஊரையும் எழுதிப் போட்டால் நம்முடைய பூட்டன் எந்தப் பட்டாளத்தில் எந்தத் துவக்கைப் பிடித்தான் என்று பதில் வரும் என்றும் யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். அன்றுமுதல் எங்கள் ஊரில் ஏரோகிராமுக்கும் தட்டுப்பாடு.

இந்தப் பேரெழுச்சியை நெறிப்படுத்தவே 'படைவீரர் பரம்பரை ஆய்வுக் கழகம்' உதித்தது. தலைவர் திரு. கனகரத்தினம், ஓய்வுபெற்ற பிரதம லிகிதர். வந்த கடிதம் ஒவ்வொன்றின் மேலும் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதி, ஒன்றும் செய்யாமலேயே உத்தியோக உயர்வுகள் அத்தனையும் பெற்ற பெருமகன். அவருடைய மூக்கும் ஊரறிந்தது. நடுவழியில் ஒரு மேடு ஏறி, அங்கே நின்று யோசித்து, பிறகு இறங்கும். நான் கழகத்தின் செயலாளர். என்னுடைய மூக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

லண்டனிலிருந்து வந்த பதில்கள் ஆரம்பத்தில் சிறிது சங்கடம் தந்தன. சிப்பாய்க்குச் சமைத்தவர், சிப்பாய்க்கு உடுப்புத் தோய்த்தவர், குதிரைக்குப் புல் அறுத்தவர் என்றே முன்னோர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். உடனே ஒரு 'சொல்விளக்கக் குழு' அமைத்தோம். சமையற்காரர் 'படையின் உள்வலிமைப் பொறுப்பாளர்' ஆனார். இரவோடிரவாகப் பட்டாளத்தை விட்டு ஓடியவர் 'தன்னிச்சையாக முன்னேறியவர்' ஆனார். கோழி களவெடுத்து விலக்கப்பட்ட ஒருவரின் பேரனுக்கு 'எதிரியின் உணவு வழங்கலைத் துண்டித்தவர்' என்று சான்றிதழ் கொடுத்தோம். அவர் அழுதுவிட்டார்.

இப்படியிருக்க ஒருநாள் தலைவர் சைக்கிளில் பறந்து வந்தார்.

"ஐசே, என்ர சித்தப்பா வீரர் ஐசே!"

சித்தப்பா இராசதுரை சின்ன வயதில் வீட்டை விட்டுப் போனவர். மலாயாவுக்குப் போய்விட்டதாகச் சொல்லி, வீட்டிலிருந்த அவருடைய படங்களையும் எரித்துவிட்டார்களாம். இப்போது லண்டன் சொல்கிறது: அவர் மலாயாவுக்குப் போகவில்லை. பதினைந்து மைல் தாண்டாமல் சீனன்குடாவில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் சேர்ந்து, நாற்பத்திரண்டில் யப்பான்காரன் குண்டு போட்ட அன்று உயிர்நீத்திருக்கிறார். விதவைக்குப் பென்சனும் போய்க்கொண்டிருக்கிறது.

"விதவை ஆர்?" என்று கேட்டேன்.

"ஏ. உமா. கிண்ணியா."

நான் கடிதத்தைப் பார்த்தேன். "தலைவர், இதில ரெண்டு 'எம்' கிடக்கு. உம்மா எண்டெல்லோ வருகுது."

"டைப் அடிச்சவன் நித்திரை ஐசே. வெள்ளைக்காரனுக்கு எங்கட பெயர் எப்ப சரியா வந்தது? இது அம்பிகை உமாதேவி. நல்ல இடத்திலதான் சித்தப்பா கலியாணம் முடிச்சிருக்கிறார்."

அந்த நேரத்தில் தலைவருடைய மகள் பூரணிக்குக் கொழும்பில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பூரணி உப்புவெளியில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. சம்பந்திமார் 'பரம்பரை' பார்ப்பவர்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். ஆகவே வீரருக்கு ஒரு விழா, கொழும்புக்காரர் முன்னிலையில் வீரரின் படத்திறப்பு, மேடையில் உமாதேவிச் சின்னம்மாவுக்குக் கௌரவம் என்று தலைவர் திட்டம் வகுத்தார். படம்தான் இல்லையே! சினிமாத் தட்டி எழுதும் ஓவியரைப் பிடித்து, தலைவரையே கதிரையில் இருத்தி, முப்பது வயது குறைத்து, இரும்புத் தொப்பியும் மீசையும் வைத்து வரைவித்தோம்.

பிறகு ஒரு வெள்ளைச் சேலையும் பழத்தட்டுமாகக் கிண்ணியாவுக்குப் புறப்பட்டோம். துறையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் 'பாதை' என்ற மிதவையில் ஏறியதும், கம்பி இழுத்துக்கொண்டிருந்தவரைத் தலைவர் விசாரித்தார்.

"தம்பி, இஞ்ச உமா எண்டு ஒரு அம்மா, பட்டாளத்துப் பென்சன்காரி..."

"பட்டாளத்துப் பென்சன் எண்டா எங்கட உம்மாதான் சேர்."

"ஓம், உமா."

"உம்மா."

"உம்முடைய அம்மாவின்ர பெயர் உமாவோ?"

"இல்ல சேர், உம்மாட பெயர் ஆமினா. எங்கட ஊரில வீட்டுக்கு வீடு உம்மாதான்."

நான் அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தேன். பெயர் தாஹிர் என்றார். வயது முப்பதுக்கு மேல். முகத்தின் நடுவில் ஒரு மூக்கு. அது மேடேறி, நின்று யோசித்து, இறங்கியது. தலைவர் அதைப் பார்க்கவில்லை. ஒருவன் தன் மூக்கைத் தானே அதிகம் பார்ப்பதில்லை.

ஆமினா உம்மா முற்றத்தில் நின்று ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இவர் வீரர் இராசதுரை அவர்களின் தமையனாரின் மகன்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சொல்லத் தேவல்ல. மூக்கே சொல்லுது. இரிங்க மகன்."

தலைவர் கதிரையில் இருந்தார். பழத்தட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் சுருக்கமானது. இராசதுரை ஆமினாவைக் கண்டு, விரும்பி, இஸ்லாத்தில் சேர்ந்து, ஸெய்னுதீன் என்ற பெயரில் நிக்காஹ் முடித்திருக்கிறார். பட்டாளத்தில் சேரப் பள்ளிக்கூடச் சான்றிதழ் கேட்டார்கள். அதில் இராசதுரை என்றிருந்ததால் பட்டாளத்தில் இராசதுரையாகவே இருந்துவிட்டார்.

தலைவர் விடவில்லை. "அவர்... எத்தினை விமானம் விழுத்தினவர்?"

"அவரா?" ஆமினா உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துவக்குச் சத்தமே அவருக்கு ஆகாது. பீரங்கிக்காரங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தினவர். அண்டைக்குச் சங்கு ஊதினதும் எல்லாரும் குழிக்குள்ள பாஞ்சாங்களாம். இவர் கேத்தல் அடுப்பில இரிக்கு எண்டு திரும்பிப் போனவர்." குழைக் கட்டின் முடிச்சை இறுக்கினார். "வீட்டிலயும் அப்படித்தான். அடுப்பில ஒண்டு இரிந்தா அவருக்கு இரிப்புக் கொள்ளாது. தாஹிர் அப்ப கைப்பிள்ள."

நான் கடமை தவறாமல் குறிப்பேட்டில் எழுதினேன்: 'கொதிக்கும் களத்தில் இறுதிவரை நின்றார்.'

பிறகு அவர் கேட்டதுதான் எங்களை உலுக்கியது. இத்தனை காலமும் ஒழுங்காக வந்த பென்சன் இந்த வருடம் நின்றுவிட்டதாம். ஏதோ ஒரு கந்தோருக்குப் புதிதாக வந்த உத்தியோகத்தர் காகிதங்களை ஒப்பிட்டிருக்கிறார். 'செத்தவர் இராசதுரை. நீங்கள் ஸெய்னுதீனின் விதவை. ஆகவே நீங்கள் விதவையே அல்ல' என்று தீர்ப்பு. இருவரும் ஒருவரே என்று இராசதுரையின் இரத்த உறவினர் ஒருவர், அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் அல்லது பார்ப்பவர், கையெழுத்து வைக்க வேண்டும்.

"இராசதுரைட ஆக்களை நான் எங்க போய்த் தேட? அல்லாஹ்வா உங்களைக் கொண்டுவந்து விட்டிருக்கான். ஒரு கையெழுத்துத்தான் மகன்."

தலைவர் எழுந்தார். முகத்தில் பழைய பிரதம லிகிதர் திரும்பி வந்திருந்தார்.

"ஆவன செய்யப்படும்," என்றார்.

பழத்தட்டை வைத்துவிட்டு வந்தோம். வெள்ளைச் சேலையை மறக்காமல் திருப்பி எடுத்து வந்தோம். அது உமாதேவிக்கு வாங்கியது.

கழகத்தின் அவசரக் கூட்டம் ஓர் அரிய ஆய்வு முடிவை வெளியிட்டது: 'இராசதுரை என்பவர் ஒருவர். ஸெய்னுதீன் என்பவர் வேறொருவர். இருவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே கேத்தலைத் தூக்கப் போய் இறந்தது தற்செயல்.' வரலாற்றுத் துறையில் இவ்வளவு துணிச்சலான முடிவை நான் கண்டதில்லை.

விழா அன்று பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கொழும்புச் சம்பந்தியார், பெரிய கணக்காளர், கோட்டு அணிந்து வியர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூரணி. தலைவர் ஒலிவாங்கியைக் கையில் பிடித்து, சித்தப்பா எதிரி விமானத்தின்மீது பாய்ந்ததை விபரித்தார். பாய்ந்த உயரம் நேரம் செல்லச் செல்லக் கூடியது. திரை விலகியது. இரும்புத் தொப்பியும் மூக்குமாக வீரர் காட்சியளித்தார். கைதட்டல்.

அப்போதுதான் வாசலில் ஆமினா உம்மாவும் தாஹிரும். 'அனைவரும் வருக' என்று நோட்டீசில் போட்டிருந்தோம். அது வழக்கத்துக்குப் போடுவது. அதை நம்பி யாரும் வருவதில்லை.

சனம் தாஹிரைப் பார்த்தது. படத்தைப் பார்த்தது. மறுபடியும் தாஹிரைப் பார்த்தது.

"படத்தில இருக்கிறவர் வந்திட்டார்!" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

சம்பந்தியார் எழுந்து தாஹிரின் கையைக் குலுக்கினார். "நீங்கள் உயிரோட இருக்கிறது தெரியாது. மன்னிக்கோணும்."

தலைவர் மேடையிலிருந்து பாய்ந்திறங்கி, ஆமினா உம்மாவின் காதருகே குனிந்து இரகசியமாகப் பேசினார். துரதிர்ஷ்டம், ஒலிவாங்கி இன்னும் கையில் இருந்தது. நகரத்தின் முதலாவது ஒலிபரப்பு இரகசியம் அது.

"சின்னம்மா, இஞ்ச வைச்சு ஏலாது. நாளைக்கு வீட்டை வாங்கோ. ஆருக்கும் தெரியாமல் கையெழுத்து வைச்சுத் தாறன். பின்பக்கத்தால வாங்கோ."

அவர் 'சின்னம்மா' என்று சொன்னது மண்டபத்தின் நான்கு மூலைகளிலும் மோதித் திரும்பியது. ஆமினா உம்மா ஒலிவாங்கியைக் கவனிக்கவில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

"அவரை உங்கட தகப்பன் அடிச்சுக் கலைச்சதும் அந்தப் பின்பக்கத்தாலதான் மகன். அந்த வழியா நான் வரமாட்டன்."

தலைவர் ஒலிவாங்கியைப் படக்கென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பூரணி எழுந்தாள். நேரே என்னிடம் வந்து, என் சட்டைப் பையிலிருந்து கழகத்தின் பேனாவை உருவினாள்.

"பிள்ளை, அரசாங்க உத்தியோகம் பார்த்த இரத்த உறவுதான் கையெழுத்து வைக்கோணும், இது தலைவரின்ர விஷயம்..." என்றேன்.

"இரத்த உறவு எண்டால் எனக்கும் உறவுதானே? நான் அரசாங்க உத்தியோகத்தி. எங்கை காகிதம்?"

தாஹிர் நீட்டிய காகிதத்தை மேடையின் விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். முழுப்பெயர், பதவி, பாடசாலை முத்திரைக்கு இடம். காகிதத்தைக் கொடுத்துவிட்டு, "சித்தப்பா, அவவைக் கவனமாக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள். தன்னை யார் சித்தப்பா என்கிறார்கள் என்று தாஹிர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. ஆமினா உம்மா பூரணியின் கன்னத்தை ஒருதரம் தடவினார்.

தலைவர் சம்பந்தியாரிடம் ஓடினார். "ஐயா, இது ஒரு சின்ன ஆய்வுப் பிழை..."

"விடுங்கோ," என்றார் சம்பந்தியார், கோட்டைக் கழற்றியபடி. "எங்கட பக்கத்திலயும் இப்பிடி ரெண்டு மூண்டு பேர் இருக்கினம். அதாலதான் நாங்கள் லண்டனுக்கு எழுதிறேல்லை."

கலியாணம் நடந்தது. ஆமினா உம்மாவுக்கு மூன்று மாதத்தில் பென்சன் திரும்பியது. கலியாணத்துக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு பஸ் நிறைய உறவினர் வந்ததையும், மாப்பிள்ளை வீட்டார் தாஹிரைக் கண்டதும் "சின்ன மாமா" என்று கதிரை கொடுத்ததையும் நான் கண்ணால் பார்த்தேன். தலைவர் அன்று முழுவதும் குசினியில் அடுப்புப் பக்கமே நின்றார்.

அதன் பின் கழகம் ஒருமுறைதான் கூடியது. இனி இப்படியான அனர்த்தங்கள் நேராதிருக்க என்ன வழி என்று நீண்ட நேரம் விவாதித்தோம். இறுதியில் தலைவர் முன்மொழிய, எல்லோரும் வழிமொழிய, ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்:

'நாட்டுக்காக உயிர்நீத்த எவரையும் கழகம் பெருமையுடன் முன்னோராக ஏற்கும். அவருடைய மனைவி மக்களும் செத்துப்போயிருக்க வேண்டும் என்ற ஒரேயொரு நிபந்தனையின் பேரில்.'