பஞ்சுத் தோளோடு தேருக்குப் போனேன்

எனக்குத் தோள் கிடையாது. இதை ஒப்புக்கொள்வதில் இப்போது வெட்கமும் கிடையாது. மற்ற ஆண்களுக்குக் கழுத்து முடிந்த இடத்தில் தோள் என்று ஒன்று தொடங்கி, கொஞ்ச தூரம் போய், அப்புறம் கை வரும். எனக்குக் கழுத்து முடிந்ததும் நேராகக் கைதான். துண்டு போட்டால் நிற்காது. (பள்ளிக்கூடத்தில் புத்தகப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு போன ஒரே பையன் நானாகத்தான் இருப்பேன்.)

இருபத்தாறு வயது வரை இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. நினைக்க வைத்தது ஒரு ஃபோட்டோ. தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சும் பேண்டேஜும் தயாரிக்கும் ஒரு ஃபேக்டரியில் எனக்கு வேலை. வீட்டில் பெண் தேடினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கோதை என்ற பெண்ணின் படம் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனி அடக்க முடியாது என்கிற நொடியில் எடுத்த படம். இந்தப் பெண் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பதிலுக்கு என் படமும் போயிற்று. ஒரு வாரம் கழித்து, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த சித்தி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"பையன் ரொம்ப ஒடிசலா இருக்காரேன்னு யோசிக்காவ. சிவகாசியிலருந்து இன்னொரு வரன் வந்திருக்காம். அவன் நல்லா வாட்டசாட்டமா இருக்கானாம்."

"வேண்டாம்னு சொல்லிட்டாவளா சித்தி?"

"சொல்லல. ஆடிப்பூரத் தேருக்கு அனுப்பி வைங்க, நேர்ல ஒரு தரம் பாத்துக்கிடுதோம்னாவ. அதுலயும் பிடிக்கலன்னா அம்புட்டுதான்."

கோதையின் வீடு தேர் ஓடும் ரத வீதியில். அங்கே வீடு உள்ளவர்களுக்கு இது ஒரு வசதி. தேர் பார்க்க யார் வந்தாலும் ஏன் வந்தார்கள் என்று ஊர் கேட்காது. பையனைப் பிடித்திருந்தால் மோர் கொடுத்துப் பேச்சைத் தொடங்கலாம். பிடிக்காவிட்டால் மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

தேருக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஐந்து நாளில் உடம்பை ஏற்ற முடியாது. நேராக ஜெபராஜிடம் ஓடினேன்.

ஜெபராஜ் எங்கள் ஃபேக்டரியில் ஃபிட்டர். என் வயதுதான். பகல் முழுக்க அவன் மேல் கிரீஸ் வாடை அடிக்கும். சாயங்காலம் குளித்துவிட்டு வெளியே வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஊரில் எல்லோரும் காலோடு ஒட்டின பேண்ட் போட்டுக்கொண்டிருந்தபோது, இடுப்பில் மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்த பேகி பேண்ட்டோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றவன் அவன். டீக்கடையில் ஒரு அண்ணாச்சி, "ஏலே, உள்ள இன்னும் ரெண்டு பேரு நிக்கலாம் போலிருக்கே!" என்றார். கடையே சிரித்தது. நானாக இருந்தால் அன்றைக்கே ஊரைக் காலி செய்திருப்பேன். அவன், "ஆமாண்ணே, எடம் இருக்கு, வாரியளா?" என்று கேட்டுவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தான். பதினைந்து நாள் கழித்து அதே அண்ணாச்சி தையல் கடையில் மடிப்பு வைத்த பேண்ட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு அவன் மேல் பொறாமையே வந்ததில்லை. இப்பேர்ப்பட்டவன் நம்மோடு உட்கார்ந்து டீ குடிக்கிறானே என்று பெருமையாகத்தான் இருக்கும்.

"எதைப் போட்டாலும் உனக்கு மட்டும் எப்படிலே பொருந்துது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொருந்துதுன்னு எவம்லே சொன்னான்? போட்ட பொறவு நான் அதை நெனைக்கதே இல்ல. நீ ஒரு புதுச் சட்டையைப் போட்டா, ஊரு உன்னப் பாக்குதான்னு நீ ஊரப் பாத்துக்கிட்டே அலையுத."

அந்த வருஷத்து மோஸ்தர், தோளில் பேட் வைத்துத் தைத்த சட்டை. ஜெபராஜிடம் ஒன்று இருந்தது. மதுரையிலிருந்து வரவழைத்த ஃபோம், விரல் கனத்தில். அதைப் போட்டால் ஏற்கெனவே நன்றாக இருப்பவன் இன்னும் நன்றாக இருப்பான். எனக்கு வேண்டியது அதுதான். டெய்லர் முத்தையாவிடம் போய்ச் சொன்னேன். ஃபோம் தீர்ந்துவிட்டது, மதுரையிலிருந்து வர பத்து நாளாகும் என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை தோன்றியது. "ராஜபாளையத்துல இருந்துக்கிட்டுப் பஞ்சுக்கு மதுரைக்குப் போகணுமா?" என்றேன். மறுநாளே ஃபேக்டரி சாம்பிள் ரோல் ஒன்றையும், அதைப் பொதிய பேண்டேஜ் துணியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்த இடத்தில் என் வேலை என்னவென்று சொல்லியாக வேண்டும். (சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.) தயாரான பஞ்சில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவேன். பத்து எண்ணுவதற்குள் அது தண்ணீரைக் குடித்து மூழ்க வேண்டும். மூழ்கினால் நல்ல பஞ்சு, மிதந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று வருஷமாக, நாள் முழுக்க இதே வேலை. பஞ்சு தண்ணீரைக் கண்டால் என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்திலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இருந்திருக்க முடியாது.

தேரன்று காலை, எனக்குத் துணைக்கு வந்த ஜெபராஜ் பஸ் ஸ்டாண்டில் என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தான்.

"எம்புட்டு வச்சிருக்க?"

"தோளுக்குக் கால் கிலோ."

"செத்தக் கொறச்சிருக்கலாம்" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போட்டாச்சு. இனி அதை மறந்துரு" என்றான்.

எப்படி மறப்பது? தலையைத் திருப்பினால் தாடை தோளில் இடித்தது. பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் உட்கார்ந்ததும் ஓரத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டார். ஆனாலும் கண்ணாடியில் பார்த்தபோது, சிவகாசிக்காரன் வரட்டும் பார்க்கலாம் என்று தைரியம் வந்தது.

கோதையின் அப்பா நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தவர். வாசலில் எங்களை வரவேற்று, என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை தோளில் போய் நின்றது.

"படத்துல பாத்ததுக்கு இப்ப நல்லாத் தேறிட்டியளே, தம்பி!"

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். "ஃபேக்டரியில பேல் மூட்டை தூக்குவேன்" என்றேன். ஜெபராஜ் இருமினான்.

"அப்பக் கூட வாங்க, வடம் பிடிப்போம். உங்கள மாதிரி ஆளுதான் வேணும்" என்று அவர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வடத்தைப் பிடித்தேன். "கோவிந்தா" என்று ஒரு சத்தம், நூற்றுக்கணக்கான கைகள் சேர்ந்து ஒரு இழுப்பு. தேர் அசைந்து வந்தது. எனக்கும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வடம் பிடிப்பவர்களுக்கு வெக்கை தெரியாமல் இருக்க, அந்த வீதிக்காரர்கள் மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது, கோதை குடத்தோடு மாடியில் நின்றாள். படத்தில் இருந்த அதே முகம். நான் பல்லைக் காட்டினேன். அவள் குடத்தைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் முழுக்க என் இடது தோளில். பழக்கதோஷத்தில் மனசு எண்ணத் தொடங்கியது. ஏழு எண்ணும்போதே தோள் இறங்கிவிட்டது. (முதல் தரமான பஞ்சு.) குடித்த தண்ணீரின் கனத்தில் தையல் விட்டு, பொதி சட்டைக் கைக்குள் சரிந்து முழங்கைக்கு மேலே போய் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக வடிய ஆரம்பித்தது. வலது தோள் மட்டும் காதுப் பக்கத்தில் கம்பீரமாக நின்றது.

பின்னால் இருந்தவர் அலறினார். "ஏலே, அந்தத் தம்பிக்குத் தோள்பட்டை எறங்கிட்டுலே! பிடிங்க, பிடிங்க!"

எலும்பு கட்டத் தெரிந்த ஒருவர் எங்கிருந்தோ வந்து என் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். வலிக்குதா என்று கேட்டார்கள். வலிக்கவில்லை என்றேன். ஐயோ, உணர்வே போய்விட்டது என்றார்கள். இதைக் கேட்டுப் பதறிப்போய் என்னிடம் ஓடிவந்த கோதையின் அப்பா, கல்லில் கால் இடித்து விழுந்தார். பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது.

அவரைத் தூக்கிவந்து வீட்டு வாசற்படியில் உட்கார வைத்தோம். பஞ்சு எங்கே, பஞ்சு எங்கே என்று வீட்டுக்குள் ஓடினார்கள். பஞ்சு இல்லை. பக்கத்தில் மருந்துக் கடையும் தேருக்காக அடைத்திருந்தது. நான் ஒரு தோளோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பஞ்சு யாரிடம் இருக்கிறது என்பது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். சொன்னால் கல்யாணம் போய்விடும்.

ஜெபராஜ் என்னைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஸ்பானர் கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஏலே, வலது தோளக் குடு."

கொடுத்தேன். அவனே தையலைப் பிரித்து எடுத்தான். பஞ்சு, அதைச் சுற்றிய பேண்டேஜ் துணி, எல்லாம் ஒரே பொதியில் காய்ந்து வெள்ளையாக இருந்தது. நான் கீழே உட்கார்ந்து அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். காயம் கழுவி, பஞ்சு வைத்து, அழுத்திக் கட்டினேன். கட்டி முடிக்கிற வரை சட்டை ஞாபகமே எனக்கு வரவில்லை.

வலி கொஞ்சம் அடங்கியதும் அவர் என்னை உற்றுப் பார்த்தார். வலது பக்கம் தட்டையாகக் கிடந்தது. இடது பக்கம் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

"தம்பி, அப்பத் தோளு?"

"இல்லீங்க. எப்பவுமே இல்ல. பேலும் தூக்கினதில்ல."

மாடியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு போல அது நிற்கவே இல்லை. ஜெபராஜ் மட்டும் நிதானமாகச் சொன்னான்: "முதல் தரப் பஞ்சு, அண்ணாச்சி. ரெண்டு நாளைக்கு நனைக்காதிய."

மோர் வந்தது. எந்த மோர் என்று தெரியவில்லை. குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பஸ் ஸ்டாண்ட் வரை ஊரே என்னைப் பார்த்தது. எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. ஜெபராஜ், மதுரை ஃபோம் வைத்த அந்த அழகான சட்டை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல், தோள் இருக்க வேண்டிய இடத்தில் கையைப் போட்டு என்னைச் சேர்த்துப் பிடித்தபடி நடந்தான். அவனைப் போல ஒருவனை நான் அதற்கப்புறமும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் சித்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். சம்மதமாம். ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணச் சட்டையை அவர்களே தைத்துத் தருவார்களாம். எதைப் பார்த்துச் சரி என்றாய் என்று கோதையிடம் பின்னாளில் கேட்டேன். "நல்ல வேளை, ஒரு பக்கந்தான் ஊத்துனேன். ரெண்டு பக்கமும் ஊத்தியிருந்தா எங்கப்பாவுக்குக் கட்டப் பஞ்சு ஏது?" என்றாள். இன்றுவரை வேறு பதில் சொல்லவில்லை.

கல்யாணமான பின் வந்த முதல் தேருக்குப் போனபோது, மாமனார் செம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றார். "செத்த நில்லுங்க மாப்ள" என்று என் தோள்களில் ஊற்றி, அமுக்கிப் பார்த்து, "சரி, உள்ள வாங்க" என்றார். மறுவருஷமும் ஊற்றினார். அதற்கடுத்த வருஷம் அந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது மாப்பிள்ளைக்கும் ஊற்றினார். அப்படியே அது வழக்கமாகிவிட்டது.

கடைசி மச்சினியைக் கட்டியவர் கோயமுத்தூர்க்காரர், பேங்கில் வேலை, பக்திமான். முதல் தேருக்கு வந்தவரை வாசலில் நிறுத்தினார்கள். செம்பைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றி, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, பக்கத்தில் நின்ற என்னிடம் பயபக்தியோடு கேட்டார்:

"அண்ணா, எந்தத் தோளுக்கு முதல்ல ஊத்தறது வழக்கமுங்க?"

"இடது தோளுக்குத்தான்" என்றேன்.