கருப்புப் படமும் மச்சினன் வீடும்

"செத்தாலும் பெனிஸ்டன் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்!"

இயற்பியல் வாத்தியார் ஜேசுதாசன் சமையலறை வாசலில் நின்று முழங்கினார். உள்ளே சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்த மனைவி அற்புதமணி தலையைக்கூடத் தூக்கவில்லை.

கோபத்தில் நியாயம் உண்டு. அவருக்கு ராத்திரி வானத்தைப் படம் எடுக்கும் பைத்தியம். பிறந்து கொஞ்ச காலமே ஆன விண்மீன்களைச் சுற்றித் தூசிமேகம் கிடக்கும். வெளிச்சம் பட்ட இடம் நீலமாக மினுங்கும். படாத இடம் பின்னாலுள்ள விண்மீன்களையும் மறைத்துக் கன்னங்கரேலென்று நிற்கும். அந்தக் கருப்பு மேகத்தைப் படம் பிடிக்க அவர் பட்டது நாய் படாத பாடு. கிறிஸ்மஸ் விருந்தில் அந்தப் படத்தைப் பார்த்த மச்சினன் பெனிஸ்டன், "அத்தான், லென்ஸ் மூடியைக் கழட்ட மறந்துட்டீங்க" என்றான். குடும்பமே சிரித்தது. அன்றோடு பேச்சு முறிந்தது.

இப்போது பெனிஸ்டனின் புது வீட்டுக்குச் சனிக்கிழமை காலை பிரதிஷ்டை ஜெபம். வீடு எந்தத் திசையில் என்றுகூட ஜேசுதாசன் கேட்கவில்லை.

"வராட்டி போங்க. வெள்ளிக்கிழமை அமாவாசை, தருவைகுளத்துல போய்ப் படம் எடுங்க. சாத்தான்குளத்துச் செம்மண் தேரிப்பக்கம் மட்டும் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"அங்கன ஒரு தெருவிளக்கு கிடையாது. அதுலயும் அந்த உடைஞ்ச கிணத்துப்பக்கம், நம்ம கை நமக்கே தெரியாது."

ஜேசுதாசனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தூத்துக்குடி வானத்தைத் துறைமுக விளக்குகள் வெள்ளையடித்து வைத்திருந்தன.

"ஏளா, நான் அங்கனதான் போவேன்!"

"கூடாதுன்னா கூடாது."

"என்கிட்ட கூடாதுன்னு சொல்ல நீ யாரு?"

"உங்க பொண்டாட்டி."

"அதைக் கேக்கல!"

வெள்ளிக்கிழமை மத்தியானம் அற்புதமணி தம்பி வீட்டுக்கு பஸ் ஏறினாள். பொழுது சாய்ந்ததும் ஜேசுதாசன் வீறாப்பாக உடைந்த கிணற்றுப்பக்கம் காரை நிறுத்தினார். டெலஸ்கோப் இருந்தது, கேமரா இருந்தது, இரண்டையும் ஓட்டும் பேட்டரியைத்தான் காணோம். அசருவாரா? கார் பேட்டரியிலேயே வயரைக் கொடுத்தார். படம் அபாரமாக வந்தது. சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

விடிந்ததும் சாவியைத் திருப்பினார். கார் ஒருமுறை முனகியது. அடுத்த முறை அதுவும் இல்லை.

பனைகளுக்குப் பின்னால் ஒரு புது மாடி வீடு தெரிந்தது. அங்கிருந்து, செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் ஜம்பர் கேபிளோடு பெனிஸ்டன் வந்துகொண்டிருந்தான்.

"அத்தான், ராத்திரி பூரா எங்க வீட்டுல ஒரு பல்பு போட அக்கா விடல. உங்க படம் கெட்டுருமாம்."

ஜேசுதாசன் நெஞ்சை நிமிர்த்தினார். "கேபிளைக் குடுடே. நான் படியேற மாட்டேன். அதுவும் இடுப்புல செம்மண் அப்புன இந்தச் சாரத்தோட..."

"அக்கா உங்க டெலஸ்கோப் பேட்டரியை எடுத்துட்டு, பின்சீட்டுக்கு அடியில இஸ்திரி போட்ட வேட்டி சட்டை வச்சிருக்காளாம் அத்தான். சீக்கிரம் உடுத்துங்க, ஜெபம் பண்ண சர்ச் ஐயர் வந்துட்டாரு."