மீசைக்கு மேல்முறையீடு கிடையாதாம்

பெருமதிப்பிற்குரிய வக்கீல் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். ஏதாவது குறை இருந்தாலும் இதைப் படித்ததும் நம் பாடு தேவலை என்று ஆகிவிடும்.

நான் இப்போது குற்றவாளி. எங்கள் ஊர் பேண்டு வாத்திய மாஸ்டரின் மீசையை எடுத்த குற்றம். மனுஷன் என் சலூன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "என் சம்பந்தி மீசையை எடுத்துட்டாராம். நானும் எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார். நான் "ஆமாங்க" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன சொன்னாலும் ஆமாம் போடுவதுதானே எங்கள் தொழிலில் பாதி? அப்புறம் அவர் பேசவில்லை, சம்மதம் என்று நினைத்துக் கத்தியை வைத்தேன், தூங்கியே போயிருக்கிறார். பாதி மீசை போனதும் விழித்து, கண்ணாடியைப் பார்த்துத் துள்ளினார், உதட்டோரம் ஒரு கீறல். போலீசில் அதைக் கத்தியால் தாக்கியதாக எழுதிக்கொண்டார்கள்.

கோர்ட்டில் அரசு வக்கீல் பேரத்துக்கு வந்தார். அஜாக்கிரதையால் காயம் என்று ஒத்துக்கொண்டால் ஜெயில் இல்லை, ஒரு வருஷம் தொழிலுக்குக் கத்தி தொடக்கூடாது, அவ்வளவுதான் என்றார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மனசாரத்தான் ஒத்துக்கிறீங்களா?" என்றார். ஆமாங்க. "யாரும் வற்புறுத்தலையே?" ஆமாங்க, இல்லைங்க. "மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறீங்க, புரியுதா?" ஆமாங்க. அவருக்கு ரொம்ப நாளாக முடி வெட்டாத தலை, அதைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன் மச்சான்.

வெளியே வந்ததும் கோர்ட்டு எனக்குக் கொடுத்த வக்கீல் தம்பி சொல்கிறான்: "பேரம் பேசி ஒத்துக்கிட்ட பிறகு தீர்ப்பு தப்புன்னு மேல போக முடியாதுண்ணே. சட்டத்துல இல்லாத தண்டனை கொடுத்திருக்கணும், இல்ல உங்கள மிரட்டி ஒத்துக்க வச்சிருக்கணும், அப்பத்தான் வழி. அப்பவும் பேரம் உடைஞ்சா பழைய வழக்கு எந்திரிச்சு உக்காந்துக்கும்." கத்தி பிடிக்காமல் ஒரு வருஷம் நான் என்ன செய்வேன்? கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, நேற்று பூனையைத் தடவும்போது காதோரம் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே மிரட்டல் என்ற வழியில் போவோம். முந்தின நாள் உங்கள் தங்கை, "ஒத்துக்கலேன்னா எங்கண்ணனைக் கூட்டிட்டு வந்து இங்கேயே தங்க வச்சிடுவேன்" என்றாள். இதைவிடப் பெரிய மிரட்டல் உண்டா? அவளைக் கூண்டில் ஏற்றி நீங்களே குறுக்கு விசாரணை செய்யவேண்டும். வேறு யாருக்கும் அந்தத் தைரியம் வராது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் வாதத் திறமைக்கு என் கடை நாற்காலி சாட்சியாக வாழ்த்து.

இப்படிக்கு,
கையிருந்தும் கத்தியில்லாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போடுங்கள். சலூனில் திரைக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த உங்கள் தங்கை இன்று என் நாற்காலியையும் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொருவரையும் தட்டி எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் கத்தி வைக்கிறாள். வாசல் வரை கூட்டம்; நான் முடி கூட்டுகிறேன். ஒரு வருஷத் தண்டனை குறைவு என்று குற்றவாளியின் மனைவி மேல்முறையீடு செய்யலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள். அதற்காவது வழியில்லை என்று உடனே பதில் போடுங்கள் மச்சான்.