உச்சந்தலைப் பராமரிப்புக் குழுவின் மகத்தான சேவை

மனித குல வரலாற்றில் தலை என்ற உறுப்புக்கு இரண்டு முறைதான் உண்மையான கௌரவம் கிடைத்திருக்கிறது. முதல் முறை, அது உடம்புக்கு மேலே வைக்கப்பட்டபோது. இரண்டாம் முறை, அடியேன் தலைமையில் திருத்தணியில் ‘உச்சந்தலைப் பராமரிப்புக் குழு’ அமைக்கப்பட்டபோது. நடுவில் தலைக்காக யாரும் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை.

என் பெயர் முரளிதரன். அரசுப் பணியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தலைமை தாங்குவதற்கு எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் என் அக்காள் மகன் சூர்யபிரகாஷ், தலையில் முடி நட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

எங்கள் ஊரின் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய புரட்சி என்று புரியும். சித்தூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, மலைமேல் முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு பஸ் ஏறுவார்கள். முடியை விட்டுப் போகிற ஊர் இது. இங்கிருந்து ஒருவன் மின்சார ரயில் ஏறி சென்னைக்குப் போய், பின்மண்டையில் மிச்சமிருந்த முடியைப் பிடுங்கி முன்மண்டையில் நட்டுக்கொண்டு திரும்பி வந்தான் என்றால் சும்மாவா!

காரணம் காதல் இல்லை. ஏறக்குறைய காதல். மணவூரில் யுவஸ்ரீ என்ற பெண்ணைப் பார்க்கப் போயிருந்தோம். பையனும் பெண்ணும் தனியாகப் பேசிவிட்டு வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. பெண்ணின் அப்பா சடகோபன் மட்டும் தட்டிலிருந்த கேசரியைப் பார்த்தபடியே சொன்னார்.

“மாப்ள தங்கமான பையன். வேலையும் நல்ல வேல. ஆனா எங்க சொந்தக்காரங்க வாய் இருக்குதே, அது சும்மா இருக்காதுங்க. பக்கத்துல நிக்க வச்சா பொண்ணுக்குச் சித்தப்பா மாதிரி கீறாருன்னு சொல்லிடுவாங்க. தை மாசம் நிச்சயம் வச்சுக்கலாம். அதுக்குள்ள தலைக்கு எதனா பண்ணிட்டீங்கன்னா நல்லாருக்கும்.”

“எனக்கு முடி ஒரு விஷயமே இல்லீங்க” என்று யுவஸ்ரீ உள்ளிருந்து சொன்னாள். பெண்களின் இத்தகைய கருத்துகளை நாகரிகமான சபைகள் கவனமாகக் கேட்டு, கவனமாகத் தள்ளி வைப்பது வழக்கம். நாங்களும் நாகரிகமானவர்கள்தான்.

சிகிச்சை முடிந்த அன்று சூர்யாவை அழைத்துவர நானே சென்னைக்குப் போனேன். நெற்றிக்கு மேலே, நாற்றங்காலில் பிடுங்கி நட்ட வயல் மாதிரி வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். டாக்டர் சின்ன வயசுக்காரர். அனுபவம் போதாது என்பது அவர் பேசியதிலேயே தெரிந்தது.

“யாரும் கை வைக்காதீங்க சார். அதுவே ஆறிடும். நாங்க குடுத்த உப்புத் தண்ணிய மட்டும் அவர் அப்பப்ப அடிச்சுக்கட்டும். வெயில் வேணாம், வியர்வை வேணாம். தலைய உயர்த்தி வச்சுப் படுக்கணும். ஒரு மாசத்துக்குள்ள நட்ட முடி கொட்டும், பயந்துடாதீங்க. வேர் உள்ள இருக்கும். அப்புறம் தானா முளைக்கும்.”

‘அதுவே ஆறிடும்’, ‘தானா முளைக்கும்’! என் பணிக்காலம் முழுவதும் இந்த நாட்டில் எதுவும் தானாக நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு குழாயடிப் பிரச்சினைக்கே மூன்று குழு போட்டவன் நான். ஒரு மனிதனின் தலையை, அதுவும் தையில் நிச்சயம் வைத்திருக்கும் தலையை, அநாதையாக விட்டுவிட முடியுமா?

மறுநாளே குழுவின் முதல் கூட்டம் அக்காள் வீட்டுக் கூடத்தில் நடைபெற்றது. தலைவர் நான். செயலாளர், சூர்யாவின் அத்தை அனுசுயா. உறுப்பினர்கள், என் அக்காள் மணியம்மையும் அவள் வீட்டுக்காரர் துளசிங்கமும். துளசிங்கம் பாவாவுக்குத் திருவாலங்காட்டில் கரும்பு இருக்கிறது. அவர் தலையும் வழவழவென்றுதான் இருக்கும். ஆனால் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் அது குறையாகக் கருதப்படவில்லை. சூர்யாவையும், தலை அவனுடையது என்பதால், ‘சிறப்பு அழைப்பாளர்’ என்ற தகுதியில் உட்கார அனுமதித்தோம். வாக்குரிமை கிடையாது.

“டாக்டர் என்னத் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிகீறாரு மாமா” என்றான்.

“அதுக்குத்தான்டா குழு. கண்டவங்க தொட்டுடக் கூடாது இல்ல?” என்றேன். கைதட்டல் எழுந்தது.

முதலில் நீரேற்றப் பணியை நானே மேற்கொண்டேன். டாக்டர் கொடுத்த உப்புத் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தேன். உப்பே இல்லை. இப்படியா ஏமாற்றுவார்கள்! அக்காள் வீட்டுக் கல்லுப்பை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கி, பாட்டிலில் நிரப்பி, நெருக்கமாக நின்று அடித்தேன். சூர்யா வீடே அதிர ஒரு கத்து கத்தினான்.

“எரியுதா?” என்றேன்.

“உசுரு போவுது மாமா!”

“எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று சொல்லி இன்னொரு தடவை அடித்தேன்.

நான்கைந்து நாளில் புள்ளிகள் காய்ந்து பொருக்குக் கட்டின. இதைச் செயலாளர் அனுசுயா சகித்துக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் ஒரு காலத்தில் எந்தப் பெண் குழந்தையின் தலையிலும் பேன் நிலைத்து வாழ முடியாமல் போனதற்கு அவள் விரல்களே காரணம். சூர்யா தலையணைகளை அடுக்கி அரைத் தூக்கத்தில் சாய்ந்திருக்கும்போதெல்லாம், பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, பொருக்குகளை ஒவ்வொன்றாக நகத்தால் பெயர்த்து எடுத்தாள். எடுத்ததில் சிலவற்றின் நுனியில் முடியும் சேர்ந்து வந்தது.

“அத்த, அது நட்ட முடி அத்த!” என்று அவன் அலறி எழுந்தான்.

“அட போடா, இத்துனூண்டு முடி போனா இன்னா? அழுக்கோட வச்சுகினு இருந்தா சீழ் புடிக்கும். உன் நல்லதுக்குத் தானே செய்யறேன்?”

அவன் கண்ணில் தண்ணீர். நன்றிக் கண்ணீர் என்று குறித்துக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே யுவஸ்ரீ போனில் அழைத்தாள். உணர்ச்சிவசப்பட்டால் வியர்க்கும், வியர்வை கூடாது என்பது மருத்துவ ஆணை. அதனால் அவன் போன் குழுவின் பொறுப்பில், அதாவது என் சட்டைப் பையில் இருந்தது. நானே எடுத்தேன்.

“தலை முன்னேற்றப் பாதையில் போய்க்கிட்டு இருக்கும்மா” என்றேன்.

“அவருக்கு எப்படி இருக்குதுங்க?”

“அதான் சொன்னேனே. தலை நல்லாருக்கு.”

“தலைய கேக்கலீங்க, அவர கேக்கறேன். அவர்கிட்ட குடுங்களேன்.”

பண்பாகத் துண்டித்தேன். தலைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் பார்க்கிற பெண் குடித்தனத்துக்கு எப்படி ஒத்து வருவாளோ என்று கவலையாக இருந்தது. ஆனாலும் அவள் அப்பாவைத் தகவல் நிமித்தம் வரவழைத்தேன். சம்பந்தி ஆகப்போகிறவர் பணியின் முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

சடகோபன் ஆப்பிளும் பூவும் வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சூர்யாவின் தலையை வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் ஆய்வு செய்தார்.

“நிஜ முடிதானுங்களே? ஒட்டு வேல ஒண்ணும் இல்லியே? எங்க பங்காளி வூட்ல ஒருத்தன் கல்யாணத்தன்னிக்கு மாலைய கழட்டும்போது கிராப்பும் சேந்து வந்துடுச்சுங்க.”

“நிஜம்தாங்க” என்றான் சூர்யா.

“ஆங்” என்று சொல்லிக்கொண்டே சடகோபன் இரண்டு விரலால் ஒரு கொத்தைப் பிடித்துச் சுண்டி இழுத்தார். வந்துவிட்டது, ரத்தத்தோடு. “நிஜம்தான்” என்று திருப்தியாகத் தலையாட்டி, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு காபி குடித்தார்.

சில வாரம் கழித்து, டாக்டர் சொன்னபடியே, மிச்சமிருந்த முடியும் கொட்ட ஆரம்பித்தது. தலையணையெல்லாம் முடி. சூர்யா மட்டும் கலங்கவில்லை. “இது கொட்டணும். வேர் உள்ள கீது. இனிமேதான் வளரும்” என்றான். அன்றைக்குத்தான் அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவைப் பார்த்தேன். உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன்.

கூட்டத்தில் அக்காள் மணியம்மை எழுந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரும் எதிர்பாராத அறிக்கை ஒன்றை வாசித்தாள்.

“எல்லாம் என்னாலதான். ‘முருகா, என் புள்ள தலையில முடி மட்டும் நின்னுடட்டும், அத்தனையும் வழிச்சு உனக்கே குடுத்துடறேன்’னு வேண்டிகினேன். நான் லேட் பண்ணிட்டேன். அவரே எடுத்துகினாரு.”

சூர்யாதான் முதலில் வாய் திறந்தான்.

“அம்மா, முடி வளரணும்னு வேண்டிகினு, வளந்தத வழிச்சுத் தரேன்னு சொன்னா நான் எதுக்குமா நட்டேன்?”

“வேண்டுதல்ல போய் கணக்கு பாப்பாங்களாடா? சாமி கண்ண குத்தும்!”

“மொட்ட போடறேன்மா. வேணான்னு சொல்லல. அடுத்த வருசம் முழுசா வளரட்டும், நானே மல ஏறிப் போடறேன். இப்ப வேணாம்.”

நியாயமான கோரிக்கைதான். ஆனால் நியாயம் பேசுவதற்கு அவனுக்கு வாக்குரிமை இல்லை. அப்போது துளசிங்கம் பாவா தொண்டையைச் செருமினார். வேளாண்மையின் கனம் அந்தச் செருமலில் இருந்தது.

“மச்சான், கரும்பு வெட்டுன பின்னால கட்டைய அப்படியே வுட்டா சோங்கிப் பூடும். மம்முட்டிய எடுத்துத் தரையோட தரையா சீவி வுட்டாத்தான் அடியில இருந்து தூர் கட்டிகினு வரும். மறுதாம்புக் கரும்ப பாத்துகீறீங்க இல்ல, மொத வெள்ளாமைய வுட தடியா நிக்கும். இவன் தலையில இப்ப கட்டதான் நின்னுகினு கீது. சீவுனா சரியா பூடும்.”

“நைனா, இது கரும்பு இல்ல நைனா!”

“நட்டா எல்லாம் ஒண்ணுதான்டா.”

பக்தியும் வேளாண்மையும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கிற இடத்தில் அறிவியலுக்கு என்ன வேலை? “நட்ட முடியை உடனே வழித்து, முருகனுக்குச் செலுத்தி, மறுதாம்பு விடுவது” என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை. சூர்யா எழுந்து நின்று “டாக்டர் கை வைக்கக் கூடாதுன்னாரு, கை வைக்கக் கூடாதுன்னாரு” என்று கத்தியது ஒத்துழைப்பின்மையாகப் பதிவு செய்யப்பட்டது.

மருத்துவ ஆலோசனையை நாங்கள் மீறினோம் என்று யாரும் சொல்ல முடியாது. வெயில் கூடாது என்றார் அல்லவா? அதனால் மலைக்குக் கூட்டிப் போகவில்லை. கூடத்தில், ஃபேனுக்கு அடியிலேயே உட்கார வைத்தோம். வெளி ஆளை நம்பாமல், தினம் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் அனுபவசாலியான துளசிங்கம் பாவாவே கத்தியைப் பிடித்தார். நான் தோளை அமுக்கிக்கொண்டேன். அனுசுயா தாடையைப் பிடித்துக்கொண்டாள். ‘தரையோட தரையாக’ என்ற கொள்கையில் பாவா ஓர் இடத்திலும் சமரசம் செய்துகொள்ளவில்லை. ரத்தம் கசிந்த இடமெல்லாம் அக்காள் கட்டிச் சந்தனத்தை அரைத்து அப்பினாள். சந்தனம் குளிர்ச்சி. வழித்த முடியை மஞ்சள் துணியில் முடிந்து, நானே மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சாமி கும்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சூர்யா அதற்குப் பிறகு கத்தவில்லை. பேசவும் இல்லை. அமைதி திரும்பியது என்று மகிழ்ந்தோம்.

சந்தனம் காய்ந்து உதிர்ந்தபோது தோலும் சேர்ந்து உதிர்ந்தது. நெற்றி வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. காய்ச்சல் வந்து, தலையணை உறை மஞ்சளாக நனைந்தது. நிச்சயத்துக்கு நாள் நெருங்கியதால் குழு முழுவதும் வேன் வைத்துக்கொண்டு சென்னை டாக்டரிடம் புறப்பட்டது. வழியில் மணவூருக்குப் போய் சடகோபனையும் ஏற்றிக்கொண்டோம். வேனில் சூர்யாவைத் தவிர எல்லோரும் பேசிக்கொண்டே வந்தோம்.

டாக்டர் சூர்யாவின் தலையில் சுற்றியிருந்த துண்டை மெதுவாகப் பிரித்தார். பிறகு விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

“சீழ் வேர் வரைக்கும் போயிடுச்சு. இந்த இடத்துல இனிமே முளைக்காது. வெறும் தழும்புதான் நிக்கும். மறுபடி நடறதுக்குப் பின்னாடியும் முடி போதாது.”

சடகோபன் செருமிக்கொண்டார். “அப்போ நிச்சயத்த… இப்போதைக்கு வேணாம்ங்க. பொண்ணுக்கு வேற எடத்துலயும் கேட்டுகினுதான் கீறாங்க.”

சூர்யபிரகாஷ் அவரை நிமிர்ந்து பார்த்தான். திறந்திருந்த ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது. “யுவஸ்ரீய ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றான். அது டாக்டர் அறை, அங்கே அந்தப் பேச்சு எதற்கு?

டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்தார். முகம் சிவந்திருந்தது.

“இந்தத் தலைல யார் யார் கை வச்சீங்க?”

இத்தனை நாள் சேவைக்கு ஒருவழியாக அங்கீகாரம் கிடைக்கப்போகிறது! யாரையும் விட்டுவிடப் போகிறாரோ என்ற பதைப்பு எல்லோருக்கும். மணியம்மை அக்காள் கை தூக்கினாள். பாவா தூக்கினார். அனுசுயா முந்திக்கொண்டு முன்னால் வந்து தூக்கினாள். சடகோபன்கூட, சம்பந்தம் முறிந்ததையும் பார்க்காமல், “நானும் ஒருவாட்டி” என்று தூக்கினார். தலைவர் என்ற முறையில் நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

அந்த அறையில் கை தூக்காதவன் ஒரே ஒருவன்தான். தலைக்குச் சொந்தக்காரன்.