ராக்குவின் பின்பாட்டு

வலது தோளில் கயிறு அறுத்த புண் ஆறவே இல்லை. அது எரியும்போதெல்லாம் தவமணிக்கு ராக்குவின் குரல் வேண்டும்போல் இருக்கும்.

கருங்கல் நாடு என்று ஒரு நாடு. மலையை உடைத்துக் கல் இழுத்தால்தான் அங்கே சோறு. முன்னால் நிற்பவள் ஓர் அடி பாடுவாள். இழுப்பவர்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டே ஒரே மூச்சில் இழுப்பார்கள். தவமணிக்குப் பத்து வயதில் புரட்சி வந்தது. ராஜாவைத் துரத்தினார்கள், இனி மலை நம்முடையது என்றார்கள். அன்று முன்பாட்டு ராக்கு. தவமணியைவிட மூன்று வயது மூத்தவள். ராஜாவின் தொப்பையைப் பாடியே பாதி மலையை இறக்கினாள்.

மறுவருஷம் அரியணையில் புனித சபை உட்கார்ந்தது. குரல் கடவுளுக்குச் சொந்தம், கல்லுக்குச் செலவழிக்கலாகாது என்பது முதல் ஆணை. பாட்டில்லாமல் ஆளுக்கொரு நேரம் இழுத்ததில் கல் உருண்டு நான்கு பேர் செத்தார்கள். கயிற்றில் தெய்வ நிந்தனை இருந்ததாக விசாரணை சொன்னது. கயிற்றுக்கு முந்நூறு கசையடி; கல்லுக்கு மன்னிப்பு. பிறகு போர் வந்தது. ஆண்களை எல்லைக்கு ஓட்டிப் போனார்கள். கோட்டைக்கு இரட்டிப்புக் கல் வேண்டும், பெண்கள் வாய் திறக்காமல் இழுக்க வேண்டும் என்று அடுத்த ஆணை.

ஒரு மத்தியானம் சரிவில் கல் வழுக்கியது. கீழே பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. ராக்கு சட்டென்று முன்பாட்டு எடுத்தாள். பழகிய கைகள் சேர்ந்து இறுக்கின, கல் நின்றது. வாய் மட்டும் யாருக்கும் திறக்கவில்லை. தவமணியும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இதற்குப் பின்பாட்டு யார் யார்?" என்று கேட்டார் தூய்மை அதிகாரி.

எல்லோரும் குனிந்து கயிற்றைப் பற்றினார்கள்.

"அப்படியானால் தனிநபர் குற்றம்" என்று எழுதிக்கொண்டார்.

காவலர்கள் இழுத்துப் போகும்போது ராக்கு திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி தவம், தொண்டையில முள்ளா?" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து இன்னொரு புரட்சி, சபை கவிழ்ந்தது. இனி பாடலாம், தலைவர் புகழ் மட்டும் என்று புதிய ஆணை. அதை வாசிக்க வந்தவர் அதே அதிகாரி. அங்கியின் நிறம்தான் வேறு.

மலையே தலைவரைப் பாடியது. தவமணி வாய் திறக்கவில்லை. அதிகாரி பக்கத்தில் வந்து, "சுதந்திரம் வந்துவிட்டது. ஏன் பாடவில்லை?" என்றார்.

"முதல்ல ஒருத்திக்குப் பாட வேண்டியிருக்குங்க."

"யார் அவள்? எங்கே?"

"நீங்கதான் சொல்லணும்."

அவர் தவமணியின் பெயரை எழுதிக்கொண்டார். அவள் கயிற்றைப் புண்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ராக்குவுக்கு ஒரு பின்பாட்டு தர வேண்டும். இன்னும் தரவில்லை.