பார்வையாளர் குறிப்பேட்டில் ஒரு திருத்தம்

“ரூம் போட்டாச்சுங்க” என்று மனைவி சொன்னபோது பத்திர எழுத்தர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். எந்த ஊரில் என்று அவள் சொன்னதும் மோவாயில் ரத்தம் வந்தது.

“பிரெஞ்சுக்காரன் ஆண்டானே, அந்தக் கடற்கரை ஊரு. மஞ்சச் சுவரு, பெரிய பெரிய ஜன்னலு, லைட் ஹவுஸு எல்லாம் இருக்காம். நீங்க பாத்ததில்லல்ல?”

“நானா? படத்துல கூடப் பாத்ததில்ல.”

“அப்போ சரி. சனிக்கிழமை காலைல பஸ்ஸு. ஏங்க, மோவாய்ல ரத்தம் சொட்டுது பாருங்க.”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். எதிரே நின்றவரின் முகம் வெளிறியிருந்தது. குற்றவாளியின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

குற்றம் இதுதான். போன வருஷம் ஜூன் மாதம் குடும்பம் வீடு மாறியது. வீடு மாறுவதென்றால் அட்டைப்பெட்டிகள், குளிர்சாதனப் பெட்டி, கட்டில் எல்லாம்தான். ஆனால் பத்திர எழுத்தரை நடுங்க வைத்தது பீரோ. அவருடைய மாமனார் சீதனமாகக் கொடுத்த இரும்பு பீரோ. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும், நகர்த்திய பிறகு அந்த நாலு ஆளையும் நகர்த்த இன்னும் நாலு ஆள் வேண்டும். அதை நினைத்த மாத்திரத்தில் அவருக்கு முதுகு வலித்தது. லாரி வருவதற்கு முந்தின நாள், “பத்திர எழுத்தர்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர் பயிற்சி. மூணு நாள். கட்டாயம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கூடவே முத்திரைத்தாள் விற்பவரும், ஜெராக்ஸ் கடைக்காரரும். மூவரும் அந்தக் கடற்கரை ஊரில் மூன்று நாள் காற்று வாங்கினார்கள்.

திரும்பி வந்தபோது புது வீடு பளிச்சென்று இருந்தது. பீரோ உள்ளறையில் நின்றது. மனைவி முதுகில் பிளாஸ்திரியோடு குப்புறப் படுத்திருந்தாள்.

“பயிற்சி நல்லா இருந்துச்சா? முகமெல்லாம் கறுத்துப் போச்சே.”

“ஜன்னலோரமா உக்கார வச்சுட்டாங்க” என்றார் அவர்.

அவள் நம்பினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அக்கம்பக்கத்தில் பேச்சு வந்தால், “எங்க வீட்டுக்காரர் வாயில பொய்யே வராது. எழுதற தொழில் அப்படி” என்று பெருமையாகச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அவர் தலையைக் குனிந்துகொள்வார். உலகத்தில் அவரை முழுசாக நம்பும் ஒரே ஆள் அவள்தான். அந்த நம்பிக்கை போய்விட்டால் அப்புறம் அவர் யார் முகத்தில் விழிப்பது?

அது போய்விடக்கூடிய வழியும் இருந்தது. பொய் சொன்ன மனுஷன் போன இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வெற்றுத் தாளைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. அந்த ஊரில் அருங்காட்சியகத்தில் ஒன்று, பழைய கவர்னர் மாளிகையில் ஒன்று, கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒன்று என்று மூன்று பார்வையாளர் குறிப்பேடுகள். மற்றவர்கள் ‘சூப்பர்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள். இவர் என்ன எழுதினார் தெரியுமா?

‘ஜூன் மாதம் பதினான்காம் தேதி, கதவு எண் 27, இரண்டாவது குறுக்குத் தெருவில் வசிக்கும், இன்னாரின் குமாரர் இன்னாராகிய நான், சுயநினைவுடனும், முழு மனதுடனும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் இவ்விடத்தைக் கண்டு மகிழ்ந்தேன்.’

கீழே கையெழுத்து. அதற்கும் கீழே முத்திரைத்தாள் விற்பவரும் ஜெராக்ஸ் கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்து. உலகத்திலேயே தன் களவுக்குத் தானே பத்திரம் எழுதி, சாட்சியும் வாங்கி வைத்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

இது போதாதென்று, மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். மூடியிருக்கும் புத்தகத்தைத் திறக்காமல் அவளால் தாண்டிப்போக முடியாது. பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில்கூட சந்திப்பு நோட்டை எடுத்துப் படித்துவிட்டு, “அடுத்தது நாமதாங்க, முன்னாடி இருக்கறவருக்கு ரூட் கேனாலு” என்று சொல்வாள்.

சனிக்கிழமை காலை இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ஊர் மாறவேயில்லை. ஒரே அச்சில் வார்த்ததுபோல நேர்நேரான தெருக்கள். முனைக்கு முனை இரண்டு மொழியில் எழுதிய நீலத் தகடு. சுவர்மேல் கொட்டிக் கிடக்கும் காகிதப்பூ. எல்லாம் அவரைப் பார்த்து, வாங்க வாங்க, மறுபடியும் வந்தீங்களா என்று கேட்பதுபோல இருந்தது.

“பாத்து வாம்மா, அந்த முனை திரும்பினா படி ஒண்ணு இடறும்” என்றார் அக்கறையாக.

அவள் நின்றாள். “திரும்பாமயே எப்படிங்க தெரியுது?”

“பழைய ஊருல்ல... படி இல்லாமலா இருக்கும்?”

முனை திரும்பினார்கள். படி இருந்தது. அவள் தாண்டினாள். அவர்தான் இடறி விழப் பார்த்தார்.

அருங்காட்சியகத்தில் சீட்டு கிழிப்பவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். “சார், நீங்க...”

“நான் இல்ல!” என்று கத்தினார் பத்திர எழுத்தர்.

“பையை வெளியில வைங்கன்னு சொல்ல வந்தேன் சார்.”

மனைவி பழைய கட்டிலையும் பீங்கானையும் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், இவர் வாசல் மேஜைக்கு ஓடினார். குறிப்பேடு இருந்தது. அவசரமாகப் புரட்டினார். புது நோட்டு! ஜனவரியில்தான் ஆரம்பித்திருந்தது. போன உயிர் திரும்பி வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த உயிரை மனைவியின் குரல் மறுபடி எழுப்பியது.

“இதுக்கு முந்தின நோட்டு இருக்காங்க?” என்று அவள் சீட்டு கிழிப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “நான் லைப்ரரியன். பழைய நோட்டுன்னா எனக்கு ஒரு ஆசை.”

“இருக்கும்மா. அலமாரியில பூட்டி வச்சிருக்கோம்.”

“சாவி?”

பத்திர எழுத்தர் பக்கத்திலிருந்த பீரங்கியைப் பிடித்துக்கொண்டார். தொடக்கூடாது என்று எழுதியிருந்தது. அவருக்கு எழுத்து தெரியவில்லை.

“சாவி ஆபீஸர்கிட்ட. அவரு லீவு.”

“அடடா” என்றாள் அவள். அவர் அந்த முகம் தெரியாத ஆபீஸருக்கு ஆயுள் கெட்டியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

ஆனால் கவர்னர் மாளிகையில் எந்த ஆபீஸரும் லீவில் இல்லை. கூடத்தின் நடுவே மேஜை. மேஜைமேல் தடித்த தோல் அட்டை போட்ட அதே குறிப்பேடு. மனைவி மாடிக்குப் போயிருந்தாள். மேலே அவள் செருப்புச் சத்தம் டக் டக்கென்று கேட்டது. சத்தம் நின்றால் இவருக்கு இதயம் நின்றது, சத்தம் கேட்டால் இதயம் இரண்டு மடங்காக அடித்தது. பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மணி மணியான எழுத்து. சாட்சிகள் வேறு பல்லிளித்தன.

கிழித்துவிடலாம் என்று ஓரத்தைப் பிடித்தார். கை வரவில்லை. முப்பது வருஷம் பத்திரம் எழுதிய கை. எழுதி, கையெழுத்தாகி, சாட்சியும் போட்ட ஒன்றைக் கிழிப்பதா? அதற்குப் பதில் சொந்தச் சட்டையைக் கிழிக்கச் சொன்னால் சந்தோஷமாகக் கிழித்திருப்பார்.

சரி, அடித்துவிடலாம். பேனாவை எடுத்தார். தன் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார், அடித்தது படிக்கத் தெரிகிற மாதிரி, சட்டப்படி. பிறகு, பத்திரத்தில் அடித்தல் இருந்தால் செய்கிற வழக்கப்படி, கை தானாக ஓரத்துக்கு நகர்ந்தது. ‘மேற்படி பெயர் அடித்தது ஒன்று. சரி.’ பக்கத்தில் முழுக் கையெழுத்து. அதன் கீழே இன்றைய தேதி.

எழுதி முடித்து, அழகு பார்த்து, அப்புறம்தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. இதுவரைக்கும் அவர் ஒரு தடவை வந்ததற்குத்தான் சாட்சி இருந்தது. இப்போது அந்தச் சாட்சியை அழிக்க வந்ததற்கும் சாட்சி ஆகிவிட்டது!

“என்னங்க எழுதறீங்க?”

குறிப்பேட்டைப் படாரென்று மூடி அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். நெற்றி வேர்வை அட்டையில் சொட்டியது.

“ஒண்ணுமில்ல. கருத்து.”

“காட்டுங்களேன்.”

“இங்க்கு காயல.”

“பால் பேனாவுக்கா?”

அவர் அந்த அறையில் எங்காவது ஒளிய இடமிருக்கிறதா என்று பார்த்தார். கவர்னர் சாய்ந்த நாற்காலிக்கு அடியில் கொஞ்சம் இடமிருந்தது. ஆனால் அவள், “சரி விடுங்க, லைட் ஹவுஸ் போலாம்” என்று திரும்பி நடந்துவிட்டாள்.

அப்போதுதான் அவருக்கு உண்மையான பயம் வந்தது. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் ஒரு புத்தகத்தைத் திறக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை. சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு இத்தனை நடுக்கம் வந்திருக்காது. வழியெல்லாம் அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி நடந்தார். அவள் ஜன்னல்களைப் பாராட்டினாள். கடல் காற்றைப் பாராட்டினாள். யாரிடமும் வழி கேட்காமல் சரியாகக் கலங்கரை விளக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

“எனக்கு முட்டி வலிக்குது. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இந்த பெஞ்சுல உக்காந்திருக்கேன்.”

“தனியாவா?” என்று கேட்ட பத்திர எழுத்தரின் கால்கள், பதில் வருவதற்குள் நாலு படி ஏறிவிட்டன. நூற்று எண்பது படி. மூச்சு வாங்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, சங்கிலியில் கட்டிய குறிப்பேடு. சுற்றிலும் கடல் விரிந்து கிடந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கங்களைப் புரட்டினார். ஜூன் பதினான்கு.

இருந்தது. அவர் குறிப்பு, கையெழுத்து, இரண்டு சாட்சிகள். அதற்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில், நூலக அட்டவணை அட்டையில் எழுதுவதுபோலக் குண்டு குண்டான எழுத்தில் வேறு ஒரு குறிப்பு. அந்தக் குண்டு எழுத்தை அவர் தினமும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பார்ப்பவர்.

‘மார்ச் எட்டாம் தேதி. மேற்கண்டதைப் படித்தேன். எழுத்து அழகாக இருக்கிறது. மேற்படி மூன்று நாட்களில் நான் நாற்பத்தாறு அட்டைப்பெட்டிகளையும் ஒரு இரும்பு பீரோவையும் மாடி ஏற்றினேன். இப்படிக்கு, மேற்படியாரின் மனைவி. பின்குறிப்பு: இவர் என்றைக்காவது இதை அடிக்க வருவார். வந்தால், ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார்.’

பேனா கையிலிருந்து நழுவி, கம்பிக்கு இடையில் புகுந்து, நூற்று எண்பது படியையும் ஒரே நொடியில் இறங்கிப் போனது. அவரும் பின்னாலேயே போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு படி வழியாகவே இறங்கினார். ஏறும்போது எண்ணாத படிகளை இறங்கும்போது ஒவ்வொன்றாக எண்ணினார். அவமானமாக இருந்தது. அவள் முதுகுப் பிளாஸ்திரி கண்ணுக்குள்ளேயே நின்றது.

அவள் பெஞ்சில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“கடல் நல்லா தெரிஞ்சுதா?”

“கடலைப் பாக்கல.” அவர் எதிரே நின்றார். உட்காரத் தைரியம் வரவில்லை. “தப்புதாம்மா. பீரோவ நெனச்சுப் பயந்துட்டேன். நீ எப்ப... எப்படி...”

“மார்ச்சுல ஸ்கூல் பிள்ளைங்களை டூர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். எந்த ஊருன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றுதான் கேட்டார்.

“திரும்பி வந்து ரெண்டு நாள் உங்ககிட்டப் பேசவே இல்ல. அதுவாவது தெரிஞ்சுதா?”

“தொண்டை வலின்னு நெனச்சேன்.”

அவள் கரண்டியை நக்கினாள். “அப்ப பயங்கர கோவம். பெட்டி படுக்கையை வெளிய தூக்கிப் போட்டுடலாம்னுகூட இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்பக் கோவமெல்லாம் இல்லங்க.”

சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்தது. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இனி எந்த நோட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை, இவளிடம் ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று நெஞ்சாரத் தீர்மானித்தார்.

“போன மாசம் வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு” என்றாள் அவள், கடலைப் பார்த்தபடி. “உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நானே வேற வீடு பாத்துட்டேன். நல்ல காத்து. மூணாவது மாடி.”

அவர் கண்ணீர் நின்றுவிட்டது. “லிஃப்ட்டு?”

“காத்து நல்லா வருதுன்னு சொன்னேனே.”

“எப்பம்மா மாத்தறோம்?”

“மாத்தறோம் இல்ல, மாத்தறீங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு லாரி. உங்க பஸ்ஸு இன்னும் அரைமணில. அட்டைப்பெட்டி எல்லாம் பரண்மேல மடிச்சு வச்சிருக்கேன்.”

“அப்ப நீ?”

“எனக்கு இங்க மூணு நாள் பயிற்சி. கட்டாயம்.”

“பீரோவ நான் ஒருத்தனா எப்படிம்மா...”

“ஒருத்தரா எதுக்கு?” என்றாள் அவள். “உங்க சாட்சி ரெண்டு பேரையும் காலைல லாரில ஏத்தி விட்டுட்டுத்தான் அவங்க வீட்டம்மாங்க இங்க பயிற்சிக்கு வராங்க.”